ராப்பும் ராக்கும் ஒரே பாட்டில்: சென்னை இசைக்குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராக் பாட்டுக்கு நடுவில் எட்டு பார் வேகமாகப் பேசிவிட்டால் அது ராப் ராக் ஆகிவிடாதா?

ஆகாது. பாதிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ குறுக்கே புகுந்து பேசியதுபோல்தான் கேட்கும். இரண்டும் ஒட்டுகிற இடம் டிரம்ஸ். ராப் தாளத்தின் மேல் நிற்கிற கலை, ராக் கிட்டாரின் மேல் நிற்கிற கலை. இரண்டுக்கும் பொதுவான சொத்து, நான்கு அடி (பீட்) கொண்ட ஒவ்வொரு பாரிலும் 2, 4 அடிகளில் விழும் ஸ்நேர், அதாவது வெடிப்பாகக் கேட்கும் டிரம். அந்த ஸ்நேரைச் சுற்றி வரியையும் எழுத வேண்டும், ரிஃபையும் (கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் சிறு துணுக்கு) எழுத வேண்டும். கிட்டார் குரலுக்கு வழிவிட்டு நிற்கப் பழக வேண்டும். இந்தப் பக்கத்தில் வரும் பெரும்பாலான சிக்கல்களின் வேர் இதுதான்.

இது எங்கே தொடங்கியது?

நியூயார்க்கில். ஏரோஸ்மித் என்ற ராக் குழு 1975இல் வெளியிட்ட 'வாக் திஸ் வே' பாட்டின் தொடக்கத்தில் வெறும் டிரம்ஸ் சில பார்கள் வரும். ஹிப்ஹாப் டிஜேக்கள் அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அதன் மேல் ராப் பாட வைத்தார்கள். கிட்டார் வருவதற்குள் இசைத்தட்டைப் பின்னுக்கு இழுத்துவிடுவார்கள். ரன் டிஎம்சி என்ற ராப் குழு 1984இல் 'ராக் பாக்ஸ்' பாட்டில் கனமான கிட்டாரைச் சேர்த்தது. 1986இல் ரிக் ரூபின் தயாரிப்பில் ஏரோஸ்மித்தின் ஸ்டீவன் டைலரும் ஜோ பெர்ரியும் ரன் டிஎம்சியோடு சேர்ந்து 'வாக் திஸ் வே'யை மறுபடி பதிவு செய்தார்கள். அது அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம்வரை ஏறியது. ஆக, முதல் பெரிய வெற்றியே ஒரு டிரம்ஸ் துண்டிலிருந்து பிறந்தது.

1991இல் பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவும் ஆந்த்ராக்ஸ் என்ற மெட்டல் குழுவும் ஒரு பாட்டில் சேர்ந்தன. 1992இல் ரேஜ் அகெயின்ஸ்ட் த மெஷின் முதல் ஆல்பம், 1994இல் கோர்ன், 2000இல் லிங்கின் பார்க்கின் 'ஹைப்ரிட் தியரி'. இவற்றில் தொடங்குபவர் கூர்ந்து கேட்க வேண்டியது 1992ஆம் ஆண்டு ஆல்பம். குரல் ஓடும்போது டாம் மொரெல்லோவின் கிட்டார் எத்தனை முறை முழுக்க வாய் மூடிக்கொள்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழில்?

ராப் என்ற சொல்லை நம் ஊர்த் தெருவுக்குக் கொண்டுவந்தது 1994இல் வந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'. முழு நீளத் தமிழ் ராப் ஆல்பங்களுக்குப் பாதை போட்டவர்கள் மலேசியத் தமிழர்கள். யோகி பி – நட்சத்திராவின் 'வல்லவன்' 2006இல் வந்தது. ராக்கையும் ராப்பையும் கானாவையும் ஒரே மேடையில் நிறுத்தியது பா. ரஞ்சித்தும் தென்மாவும் தொடங்கிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். சென்னையில் அதன் முதல் மேடை 2018 ஜனவரியில் நடந்தது. பறையும் சட்டி என்ற தோல் கருவியும் எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் அருகருகே நிற்கும்போது எது எதற்கு இடம் விடுகிறது என்பதைப் படிக்க, சென்னையில் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

எந்த வேகத்தில் தொடங்குவது?

88 முதல் 98 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை அடி. ஒரு பாரில் 16 கட்டங்கள் உண்டு, அதாவது நான்கு அடி, அடிக்கு நான்கு கட்டம். 92இல் ஒரு பார் 2.6 வினாடி. எல்லாக் கட்டத்தையும் நிரப்பினால் வினாடிக்கு ஆறு ஒலித்துண்டு சொல்ல வேண்டும். தமிழ் நாக்குக்கு அது எட்டும் வேகம், கேட்கிறவர் காதுக்கும் எட்டும். 140இல் அதையே செய்தால் வினாடிக்கு ஒன்பதுக்கு மேல் போய்விடும். மெய்யெழுத்துகள் உதிர்ந்து, 'ற'வும் 'ர'வும் ஒன்றாகிவிடும். 140தான் வேண்டுமென்றால் டிரம்மர் ஸ்நேரை 3ஆம் அடியில் மட்டும் போடட்டும். கேட்பதற்கு 70போல இருக்கும், வரிக்கு மூச்சு வரும்.

முதல் பாட்டுக்கு ஓர் அளவு: தொடக்கம் 4 பார், வரி (ராப் பகுதி) 16, ஹுக் (திரும்ப வரும் பல்லவி) 8, வரி 16, ஹுக் 8, இடைப்பகுதி 8, கடைசியில் ஹுக் இரண்டு முறை 16. மொத்தம் 76 பார். 92 பிபிஎம்மில் 3 நிமிடம் 18 வினாடி.

தமிழ் வரியை எப்படித் தாளத்தில் உட்கார வைப்பது? எழுதும்போது நன்றாக இருக்கிறது, பாடினால் இடறுகிறது.

தாளில் எண்ணியதும் வாயில் எண்ணுவதும் வேறு. யாப்பில் 'கட' என்பது ஒரே நிரையசை. ராப்பில் அதற்கு இரண்டு கட்டம் வேண்டும். அதனால் வாயில் விழும் துண்டுகளைப் பிரித்து எழுதுங்கள். இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்:

கடற்கரை மணலுல கால் புதைஞ்ச நேரம்
கடன்காரன் கூப்பிட்டான் காது வரை பாரம்

முதல் வரி: க-டற்-க-ரை / ம-ண-லு-ல / கால்-பு-தைஞ்-ச / நே-ரம். அடிக்கு நான்கு என்று மூன்று அடி நிரம்புகிறது. நான்காவதில் 'நே' இரண்டு கட்டம் நீளும், 'ரம்' மிச்சம் இரண்டை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வரி: க-டன்-கா-ரன் / கூப்-பிட்-டான் / கா-து-வ-ரை / பா-ரம். இங்கே 'கூப்' இரண்டு கட்டம். எண்ணிக்கை சரி. ஆனாலும் பாடினால் முதல் வரியின் நடுவில் ஒரு பள்ளம் விழும்.

காரணம் ஸ்நேர். 2ஆம் அடியில் ஸ்நேர் விழும்போது வாயில் இருப்பது 'மணலுல'வின் 'ம'. அது ஒரு மாத்திரைக் குறில். பின்னால் தாங்க மெய்யும் இல்லை. ஸ்நேரின் வெடிப்பு அதை விழுங்கிவிடுகிறது. 'கடற்கரை ... ணலுல' என்றுதான் கூட்டத்துக்குக் கேட்கும். 'மணலுல' என்பதை 'மண்ணுக்குள்ள' என்று மாற்றுங்கள்: மண்-ணுக்-குள்-ள. அதே நான்கு துண்டு. ஆனால் ஸ்நேரில் இப்போது 'மண்' நிற்கிறது, ஒன்றரை மாத்திரை. சொல் ஸ்நேரோடு சேர்ந்து அடிக்கும். இரண்டாவது வரியில் ஸ்நேர் விழும் இடங்களில் 'கூப்', 'பா' என நெடில்கள் இருப்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

விதி இவ்வளவுதான்: 2, 4 அடிகளில் நெடில் வரட்டும், அல்லது மெய்யை அணைத்த குறில் வரட்டும். தனிக் குறிலை ஸ்நேருக்கு அடியில் வைக்காதீர்கள்.

எதுகை, மோனை, இயைபு: ராப்புக்கு எது முக்கியம்?

ஆங்கில ராப் கேட்டு வளர்ந்தவர்கள் இயைபை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். தமிழில் வினைமுற்றுகள் எல்லாம் 'கிறேன்', 'கிறான்', 'ட்டான்' என்றே முடிவதால், இயைபு கேட்காமலே வந்துவிடும். அதனால் அது சீக்கிரம் சலித்தும் விடும். மேலே உள்ள இரண்டு வரிகளில் 'கடற்', 'கடன்' எதுகை முதல் அடியில், காலால் அடிக்கும் கிக் டிரம்மில் விழுகிறது. 'நேரம்', 'பாரம்' இயைபு நான்காம் அடியின் ஸ்நேரில் விழுகிறது. வரியின் இரண்டு முனைகளும் டிரம்ஸில் ஆணி அடித்ததுபோல் நிற்கும். நம் மொழி கையில் கொடுத்திருக்கும் இந்தச் செல்வத்தை விட்டுவிட்டு ஆங்கிலச் சொற்களைக் கடைசியில் ஒட்டுவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

சென்னைப் பேச்சில் எழுதலாமா?

எழுத வேண்டும் என்றே சொல்வோம். 'வந்துகொண்டிருக்கிறேன்' ஏழு துண்டு. 'வந்துட்டிருக்கேன்' ஐந்து. 'வர்றேன்' இரண்டே. ஒரே பொருளுக்கு மூன்று நீளங்கள் கையில் இருப்பது ராப்பருக்கு வரம். ஹுக்கில் மட்டும், கூட்டம் சேர்ந்து பாட வேண்டும் என்பதால், நெடில் மிகுந்த நான்கைந்து சொற்கள் போதும். ஹுக்கில் வேகம் காட்டினால் யாரும் திரும்பப் பாட மாட்டார்கள்.

கிட்டாரை எப்படி ட்யூன் செய்வது? எந்த ஸ்ட்ரிங்?

டிராப் டி போதும். ஆறாவது கம்பியை மட்டும் ஈயிலிருந்து டிக்கு ஒரு முழு ஸ்வரம் இறக்குங்கள். அடி மூன்று கம்பிகளையும் ஒரே விரலால் அழுத்தினால் ராக்கின் கனமான பவர் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) வந்துவிடும். அதனால் ரிஃப் வாசிக்கும் கை டிரம்ஸின் வேகத்துக்கு இடம் மாற முடியும். இதற்கு 10–46 தடிமன் கொண்ட கம்பி செட் தாங்கும். இன்னும் கீழே இறக்கும் டிராப் சிக்குப் போனால் 11–54 போடுங்கள். மெல்லிய கம்பியில் இறக்கினால் அடிக்கும்போது சுருதி மேலே ஏறி இறங்கும், பேஸோடு சேராது. ஏழு கம்பிக் கிட்டார் முதல் ஆண்டுக்குத் தேவையில்லை.

ரிஃபை இரண்டு பாருக்குள் முடியுங்கள். வரி ஓடும் இடத்தில் 1, 2 அடிகளில் வாசித்துவிட்டு 3, 4இல் உள்ளங்கையால் கம்பிகளை மூடிவிடுங்கள். முழு ரிஃபும் ஹுக்கில் வரட்டும்.

சென்னைக்கென்று ஒரு கவலை: கடல் காற்றின் ஈரமும் உப்பும் கை வியர்வையும் சேர்ந்து கம்பியைச் சில வாரங்களிலேயே துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்து உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். மாலை 4 மணி வெயிலில் சரிபார்த்த சுருதி, இரவு 8 மணிக்கு மேடையில் இருக்காது. ஏறும் முன் மறுபடி பாருங்கள்.

டிஜே இல்லாமல் ஸ்கிராட்ச் ஒலி கிட்டாரில் வருமா?

வரும். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் இரண்டு பிக்அப்புக்கும் தனித்தனி வால்யூம் உள்ள கிட்டார் வேண்டும். கழுத்துப் பக்க பிக்அப்பின் வால்யூமைப் பூஜ்யத்திலும், பிரிட்ஜ் பக்கத்தை முழுதிலும் வையுங்கள். இடது கையால் கம்பிகளை ஸ்வரம் வராதபடி மூடி முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டே, வலது கையால் பிக்அப்பை மாற்றும் டாகிள் ஸ்விட்சைத் தாளத்தில் தட்டுங்கள். ஒலி வெட்டி வெட்டி வரும். மொரெல்லோவின் முறை இது. சாம்பிள், கீபோர்டு, சிந்தசைசர் எதுவும் இல்லை என்று அந்த 1992 ஆல்பத்தின் உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

பதிவு செய்து கேட்டால் ஒரு வரிகூடப் புரியவில்லை. குரலைக் கூட்டினால் எல்லாம் இரைச்சலாகிறது.

குரலைத் தொடாதீர்கள், கிட்டாரைக் குறையுங்கள். சொல்லைப் புரிய வைக்கும் மெய்யொலிகள் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கின்றன. டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் கடித்துத் தின்பதும் அதே இடத்தைத்தான்.

முதலில் ஆம்பின் கெயினை (டிஸ்டார்ஷனைக் கூட்டும் திருகு) மூன்றில் ஒரு பங்கு இறக்குங்கள். தனியாகக் கேட்டால் மெலிந்ததாகத் தோன்றும், குழுவோடு சேரும்போது சரியாக இருக்கும். கனம் வேண்டுமென்றால் அதே ரிஃபை இரண்டாவது முறை புதிதாக வாசித்துப் பதிந்து, ஒன்றை முழு இடதிலும் ஒன்றை முழு வலதிலும் வையுங்கள். பதிந்ததையே நகலெடுத்து வைத்தால் அகலம் வராது, சத்தம்தான் கூடும். நடு இடம் குரலுக்கும் கிக்குக்கும் ஸ்நேருக்கும் பேஸுக்கும் மட்டும். பிறகு கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 2.5 கிலோஹெர்ட்ஸ் அருகே 3 டிபி இறக்குங்கள். குரலில் 110 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 4:1 விகிதத்தில் கம்ப்ரஷன் (ஓங்கிய ஒலியை அடக்குவது) போடுங்கள். ஊசி 5, 6 டிபி இறங்கினால் போதும். அட்டாக், அதாவது கம்ப்ரஷன் பிடிக்க எடுக்கும் நேரம், 5 மில்லிவினாடிக்குக் கீழே போனால் 'க', 'ட', 'ப' எல்லாம் மழுங்கிவிடும்.

கிக்கும் பேஸும் முட்டிக்கொண்டால் கிக்குக்கு 60 ஹெர்ட்ஸ், பேஸுக்கு 90 ஹெர்ட்ஸ் என்று பங்கு பிரித்துக் கொடுங்கள்.

ஜாம் ரூமில் (பயிற்சி அறையில்) சோதிக்க எளிய வழி: போனைப் பத்து அடி தள்ளி வைத்துப் பதியுங்கள். பாட்டைக் கேட்டிராத ஒருவரிடம் கொடுத்து, கேட்ட சொற்களை எழுதச் சொல்லுங்கள். அவர் விட்ட சொற்கள் எந்த அடியில் விழுகின்றன என்று பார்த்தால், பாதி ஸ்நேருக்கு அடியில் சிக்கிய குறில்களாகவே இருக்கும்.

மேடையில் மைக் ஏன் ஊளையிடுகிறது?

ராப்பர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதால். ஷூர் எஸ்எம்58 போன்ற மைக் முன்பக்க ஒலியை மட்டும் பிடிக்க, அதன் வலைக்குப் பின்னால் காற்று புக வழி இருக்கிறது. அதைக் கை மூடினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும். பாடுபவருக்குக் கேட்க மேடையில் வைத்த மானிட்டர் பெட்டியின் சத்தம் உள்ளே போய் ஊளையாக வெளியே வரும். குரலும் குடத்துக்குள் பேசியதுபோல் ஆகும். நடுத்தண்டைப் பிடியுங்கள், உதட்டுக்கும் வலைக்கும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். மானிட்டர் பெட்டி மைக்கின் வால் நோக்கும் திசையில் இருக்க வேண்டும்.

பறை, சட்டி, கானா தாளத்தை ராக் ரிஃபோடு சேர்க்க முயன்றால் தாளம் நொண்டுகிறதே?

நொண்டும். நம் குத்துத் தாளம் பெரும்பாலும் அடிக்கு மூன்றாகப் பிரிவது: தகிட தகிட தகிட தகிட. ராக் ரிஃப் அடிக்கு நான்கு: தகதிமி தகதிமி. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று போட்டால் தட்டுத்தடுமாறுவதாகத்தான் கேட்கும். ஒரு வழி, ரிஃபையே தகிடவில் மாற்றி எழுதுவது. அப்போது வரிக்கு 16க்குப் பதில் 12 கட்டம். 95 பிபிஎம்மில் வினாடிக்கு ஐந்து துண்டுக்கும் குறைவு, சொல் பளிச்சென்று விழும். இன்னொரு வழி, வரி தகதிமியில் ஓடி ஹுக் தகிடவில் திறப்பது. அடியின் வேகம் மாறக் கூடாது. மாறும் இடத்தில் ஒரு பார் கிக் மட்டும் நான்கு அடி அடிக்கட்டும், எல்லோரும் உள்ளுக்குள் தகிட எண்ணிக்கொண்டு ஹுக்கில் ஒன்றாக இறங்கலாம். எங்கள் தேர்வு இரண்டாவது. கூட்டத்தின் கால் எப்போது தரையை விட்டு எழுகிறது என்று பார்த்தால் ஏன் என்று புரியும்.

பறையின் அடிக்குச்சி ஓங்கும் ஓசையும் ஸ்நேரும் ஒரே குணம் கொண்டவை. 2, 4ஐ ஸ்நேருக்கு விட்டுவிட்டு, பறை இடையில் ஓடட்டும், சிண்டுக் குச்சி தொடர் ஓசையைத் தாங்கட்டும். பறைக்காரரை ராப்பருக்கு நேர் பின்னால் நிறுத்தினால் குரல் மைக்கே பறை மைக் ஆகிவிடும். பக்கவாட்டில் முன்னுக்கு நிறுத்துங்கள். ஈரக் காற்றில் தோல் தளர்ந்து ஓசை அமுங்கும். தீயில் காய்ச்சி ஏற்றிய பறையும் சில பாட்டில் இறங்கிவிடும், எனவே இரண்டாவது பறை காய்ச்சித் தயாராக இருக்க வேண்டும்.

லேப்டாப் டிராக்கோடு டிரம்மர் எப்படிச் சேர்வது?

இடது சேனலில் கிளிக் (அடியை எண்ணிக் காட்டும் ஒலி), வலது சேனலில் முன்பே பதிந்த டிராக். டிரம்மர் காதில் இரண்டும், வெளியே வலது மட்டும், சவுண்டு சிஸ்டத்தோடு இணைக்கும் டிஐ பாக்ஸ் வழியாக. சாதாரண ஸ்டீரியோ கேபிளைச் செருகினால் கிளிக்கும் சேர்ந்து அரங்கம் முழுக்கக் கேட்கும். ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரிக்கும் ஒய் கேபிள் வேண்டும். லேப்டாப்பில் வைஃபை, அறிவிப்பு ஒலி இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

ஆம்பில் 'உம்' என்ற ஓசை, மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்கிறது. என்ன செய்ய?

சுருக்கென்றால் உடனே நிறுத்துங்கள். கிட்டாரைத் தொட்ட கைக்கும் மைக்கைத் தொட்ட உதட்டுக்கும் இடையே மின்சாரம் ஓடுகிறது என்று பொருள். ஆம்புக்கு எர்த் இல்லை, அல்லது ஆம்பும் சவுண்டு சிஸ்டமும் வேறு வேறு லைனில் இருக்கின்றன. எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சரி செய்யும்வரை யாரும் கிட்டாரைத் தொடக் கூடாது. எல்லாக் கருவிகளும் ஒரே போர்டிலிருந்து, எர்த் உள்ள பிளக்கில் வர வேண்டும்.

சுருக் இல்லாமல் 50 ஹெர்ட்ஸ் உறுமல் மட்டும் இருந்தால் இரண்டு காரணங்கள். கிட்டாரைத் திருப்பிப் பிடிக்கும்போது கூடிக் குறைந்தால் சிங்கிள் காயில் பிக்அப். மாறாமல் இருந்தால் எர்த் லூப் (கருவிகளுக்கு இடையே எர்த் இரண்டு வழியாக இணைவது), அதற்கு டிஐ பாக்ஸில் கிரவுண்டு லிஃப்ட் பொத்தான் இருக்கிறது. உறுமலை ஒழிக்க பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாட்டு.

கத்திப் பாடினால் தொண்டை கட்டிக்கொள்கிறது.

பத்து நிமிடம் உதட்டை அதிரவிட்டும் முனகியும் குரலைச் சூடேற்றாமல் கத்தக் கூடாது. சத்தத்தை மைக்கும் ஆம்பும் பார்த்துக்கொள்ளும், தொண்டை தர வேண்டியது கரகரப்பை மட்டும். வலி எடுத்தால் முறை தவறு என்று பொருள். கட்டிய தொண்டையோடு கிசுகிசுப்பதும் கெடுதல்தான், பேசாமல் இருப்பது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். மூச்சு வாங்கும் இடத்தை வரி எழுதும்போதே விடுங்கள். நான்கு பாருக்கு ஒருமுறை கடைசி அடியைக் காலியாக வைத்து, அங்கே இரண்டாவது குரல் இயைபுச் சொல்லை ஓங்கிச் சொல்லட்டும்.

அடுக்குமாடி வீட்டில் பயிற்சி செய்ய முடியுமா?

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டிபி, இரவில் 45 டிபி வரம்பு. நேரடி டிரம்ஸ் கிட்டத்தில் 100ஐத் தாண்டும். வீட்டில் பயிற்சிப் பேடும் ஹெட்போனும்தான் வழி. முழுக் குழுவுக்கு மணிக்கணக்கு வாடகை ஜாம் ரூம். திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் ஒலிபெருக்கிக்கு முன்அனுமதி வேண்டும், பொதுவாக இரவு 10 மணிக்கு மேல் கிடையாது. கடைசிப் பாட்டை 9.40க்கே தொடங்கும்படி பட்டியல் போடுங்கள்.

பழைய சினிமாப் பாட்டிலிருந்து நான்கு வினாடி எடுத்து லூப் போடலாமா?

நான்கு வினாடி என்றாலும் அனுமதி வேண்டும். ஒலிப்பதிவின் உரிமை ஒருவரிடம், மெட்டு, வரிகளின் உரிமை வேறொருவரிடம் இருக்கலாம். இரண்டு இடத்திலும் எழுத்தில் வாங்க வேண்டும். இதைவிட எளிது, ஒரு டோலக்கையும் ஒரு கிட்டாரையும் வைத்து நீங்களே நான்கு பார் புதிதாக வாசித்துப் பதிந்து லூப் ஆக்குவது. மெட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும். 92 பிபிஎம்மில் நான்கு பார் 10.4 வினாடி. கிளிக்கோடு இருபது முறை வாசியுங்கள், பதினைந்தாவதுக்குப் பிறகு வருவதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.